துளைகளில் தெரிந்த எழுத்து

தில்லி லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த வள்ளியம்மைக்குத் தபால்தலைகள் சேர்ப்பதில் தீராத ஆசை. 1998-ல் சர்க்கரை நோய் அவர் பார்வையை மங்கச் செய்தது. பூதக்கண்ணாடியிலும் படங்கள் பிடிபடாமல் போகவே, ஆல்பங்களை விற்றுவிட நினைத்து மகள் சிந்துவுடன் தரியாகஞ்ச் வியாபாரி ஒருவரிடம் போனார்.

அங்கிருந்த தபால்தலை டப்பா ஒன்றைச் சிந்து கிளறினாள். "அம்மா, இதெல்லாம் ஓட்டை. பேக்கார், ஒண்ணுக்கும் உதவாது."

வள்ளியம்மை ஒன்றை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். படம் தெரியவில்லை, ஆனால் ஊசித் துளைகளின் வழியே வெளிச்சம் புகுந்து இரண்டு ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. திருடுபோகாமலிருக்க அந்தக் காலத்துக் கம்பெனிகள் தபால்தலைகளில் தங்கள் முதலெழுத்துகளை இப்படித் துளையிட்டு வைத்தன. சேதமான சரக்கென்று அவரும் அவற்றைச் சேர்த்ததில்லை.

"ஒரு ஆல்பத்தைக் குடுத்துட்டு இந்த டப்பாவைக் கேளு, சிந்து. எனக்கு இது தெரியுது," என்றார்.

மறுவருடம் ஒரு கண்காட்சியில், பின்னால் விளக்கெரியும் கண்ணாடியில் அவற்றை அடுக்கிவைத்தார். கொல்கத்தாக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்து, பதிலுக்கு ஒன்று கேட்டார். வள்ளியம்மை அவர் கொடுத்ததை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். அந்த எழுத்துகளை அவர் எங்கும் கண்டதில்லை.

உங்களுடையது அரியது, ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வள்ளியம்மை இந்தியில் சொன்னார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிந்து இருவருக்கும் டீ வாங்கப் போனாள்.