பரங்கி முற்றும் வரை

என் அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். போர்ட் பிளேரையும் தாண்டி ஒரு தீவில் இருக்கும் ஹட் பேயில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு கோடை முழுவதும் இடுப்பில் துண்டோடு, ரோட்டோரத்துப் பரங்கிக்கொடிகளுக்கு நடுவே கிடந்த கல்லின் மேல் நின்று குளித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் "நமஸ்தே சாப்" என்பார்கள். அப்பா ஒரு கையால் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குவளை இருந்த கையை நெற்றிவரை உயர்த்திப் பதில் வணக்கம் வைப்பார். இத்தனைக்கும் காரணம் என் அத்தை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து, மழை ஓய்ந்த மார்கழியில், ஒரு தகரப்பெட்டியோடு கப்பல் ஏறி வந்தாள். பத்து நாள் இருந்து தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று எனக்குச் சொன்னார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமாவோடு ஏதோ மனத்தாங்கல் என்பது மட்டும் என் காதில் விழுந்திருந்தது. அப்பாவுக்கு அக்கா என்றால் உயிர். ஆனாலும் கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பதுதான் அவளுக்கு மரியாதை, ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், மாமா இனிமேல் அவள் மேல் கை வைக்க மாட்டார் என்று அவர் உறுதியாக நம்பினார். ஊரிலிருந்து போன் வந்தால் டவர் நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவார். வந்ததும், "அடுத்த கப்பல்ல அனுப்பி வெக்கிறேன்னு சொல்லியிருக்கேன்க்கா" என்பார். அத்தை தலையை ஆட்டிக்கொள்வாள்.

வந்த மூன்றாம் நாளே அவள் எங்கள் குவார்ட்டர்ஸின் ரோட்டை ஒட்டிய கொல்லையில் மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள். அது மண் என்று சொல்லிக்கொள்ளக் கூடிய மண் இல்லை. பாதிக்குப் பாதி பவளக்கல். அத்தனையையும் கையால் பொறுக்கி எடுத்து, அதையே பாத்திக்கு வரப்பாக அடுக்கினாள். மீன் கழுவிய தண்ணீர், மீனின் செதிள், அடுப்புச் சாம்பல், பக்கத்து வீட்டு ஆட்டுப் புழுக்கை எல்லாம் குழிக்குள் போயின. தகரப்பெட்டியைத் திறந்தால் நாலு புடவையும் நாற்பது பொட்டலமும் இருந்தன. பொட்டலம் எல்லாம் விதை. சுற்றிப் பார்க்க வந்தவள் எதற்கு இத்தனை விதை கொண்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

முதலில் கீரை தூவினாள். தை பிறந்து கப்பல் தேதி சொன்னார்கள். "கீரை முளைச்சு நிக்கிது தம்பி. விட்டுட்டுப் போக மனசில்ல. பறிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். சரிதானே என்றார் அப்பா. கீரை பறித்து முடிவதற்குள் வெண்டை பூத்துவிட்டது. வெண்டை காய்த்துக்கொண்டிருந்தபோதே பரங்கிக்கொடி வேலி வரைக்கும் ஓடியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தை அதையே சொல்வாள், அப்பாவும் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? எங்கள் தீவில் காய்கறி என்பது கப்பலில் வருவது. மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, அங்கிருந்து இங்கே வருவதற்குள் கத்தரிக்காய்க்கே வயதாகிவிட்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் காலையில் பறித்த வெண்டைக்காயில் புளிப்பாக மண்டிக் குழம்பு வைத்துப் போட்டால், எந்தத் தம்பிக்குத்தான் டிக்கெட் எடுக்கக் கை வரும்?

கோடை ஏறஏறக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வந்தது. அத்தை சட்டம் போட்டது அப்போதுதான். இனி யாரும் குளியலறையில் குளிக்கக் கூடாது. அப்பா பரங்கிக்கு, நான் வெண்டைக்கு, அத்தை தென்னங்கீற்றுத் தட்டிக்குப் பின்னால் புடலைக்கு. சோப்புப் போட்டால் செடி பட்டுப்போகும் என்று எல்லோருக்கும் பாசிப்பயறு மாவு. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர், எங்கிருந்தோ பொங்கல் வாசனை வருகிறதே என்று தினமும் கேட்கிறார் என்று அப்பா அலுத்துக்கொண்டார். அரிசி கழுவிய தண்ணீரில் முதல் தண்ணீர் கத்தரிக்கு, இரண்டாவது மண்டிக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் இரண்டு வேலை செய்யாமல் எங்கள் வீட்டை விட்டுப் போனதில்லை. அவளைப் போல ஒரு சாமர்த்தியசாலியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அம்மா மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. அவள் குளியலறையிலேயே குளித்தாள். ஒரு சமையலறையில் இரண்டு பேர் என்பதில் அம்மாவுக்குச் சங்கடம் இருந்ததோ என்னவோ, அத்தையோடு அதிகம் பேசவும் மாட்டாள். ஆனால் பெரிய தகரத் தொட்டிக்குள் நின்று குளித்து, அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் கத்தரிப் பாத்தியில் ஊற்றிவிட்டுப் போவாள்.

அத்தைக்கு ஹிந்தி தெரியாது. அதனால் நான்தான் அவளுக்கு வாய். பக்கத்து வீட்டில் ஒரு வங்காளத்து அம்மாள் இருந்தாள். அவளைக் காக்கிமா என்று கூப்பிடுவோம். காக்கிமா மீன் கொண்டுவருவாள், அத்தை காய் கொடுப்பாள். இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், அவரவர் பாஷையில். என்னைக் கூப்பிடுவது முக்கியமான விஷயத்துக்கு மட்டும்தான்.

பங்குனியில் ஒரு நாள் அத்தை தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தபோது காக்கிமா ஒரு தட்டு மீனோடு வந்தாள். நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். "நான் வர நேரமாகும்த்தா. பரங்கில அவுகளுக்கு வேணுங்கிறத எடுத்துக்கிறச் சொல்லு" என்றாள். அதை அட்சரம் பிசகாமல் ஹிந்தியில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

பரங்கி என்றால் நமக்குக் காய். வங்காளிகளுக்குக் காயை விட ஒசத்தி கொடியின் இளந்தண்டும் கொழுந்தும் பூவும். காக்கிமா கத்திரிக்கோலோடு வந்து, தோழி மனதாரக் கொடுத்தாளே என்று, அத்தனை கொடிகளின் நுனியையும் ஒன்று விடாமல் நறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பிஞ்சு பிடிக்கிற சமயம். அத்தை திரும்பி வந்தபோது பாத்தியில் மொட்டைக்கொடிகள்தான் கிடந்தன.

அப்பா சாயங்காலம் குவளையும் கையுமாக வந்து பார்த்தார். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நல்ல உதை விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா என்னைத் தேடவில்லை. ஒரு கொடியைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரிக்கா, இதுவும் போச்சு. இனி எதுக்காகக் காத்திருக்கிறது? மாசக் கடைசி ஷிப்புக்குச் சொல்லிர்றேன்" என்றார்.

அத்தையின் முகம் செத்துவிட்டது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கொடியைக் கையில் எடுத்து, கணுக்கணுவாகத் தடவிக்கொண்டே போனாள். நுனி வரைக்கும் போய்விட்டு, பாதிவழி திரும்பி வந்தாள். அங்கே ஒரு கணுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, சட்டென்று சிரித்தாள்.

"நுனி போனாக் கொடி செத்தா போகும்? கணுவுக்குக் கணு பக்கக்கிளை விடுது பாரு தம்பி. ஒண்ணுக்கு நாலாக் காய்க்கும். என்ன, முத்துறதுக்கு ரெண்டு மாசம் கூட ஆகும்."

"ரெண்டு மாசமா?"

"ஆமா. முத்தட்டும். பறிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

பயிரில் பாதியை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், ரெண்டு மாசம் தள்ளிப்போகிறது, இவள் சிரிக்கிறாளே என்று எனக்கு வியப்பாக இருந்தது. என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் சிரித்தாள் என்று முடிவு செய்து, அன்று முழுவதும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். மறுநாள் காக்கிமா அந்தக் கொழுந்தையும் இறாலையும் சேர்த்துச் சமைத்து ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். அத்தை ஒரு வாய் தின்று பார்த்து, எப்படிச் செய்வது என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னாள். நடந்தது என்ன என்று காக்கிமாவுக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லக் கூடாது என்று அத்தை எனக்குக் கட்டளை போட்டிருந்தாள்.

அவள் சொன்னபடியே கொடி கிளைத்தது. வேலியில் ஏறி, குளியல் கல்லைச் சுற்றி, அப்பா கால் வைக்க இடமில்லாமல் பரவியது. சித்திரையில் கப்பல் பழுதாகி நின்றுவிட்டது. கடைகளில் உருளைக்கிழங்கு கூட இல்லை. எங்கள் வரிசையில் எட்டு வீடு. எட்டு வீட்டிலும் எங்கள் புடலையும் கத்தரியும் பரங்கிப் பிஞ்சும்தான் வெந்தன. தெலுங்கு வீட்டிலிருந்து ஊறுகாய் வந்தது, மலையாள வீட்டிலிருந்து மரவள்ளி வந்தது. மிஞ்சிய வெண்டைக்காயை அத்தை மோரில் ஊறப்போட்டுக் கூரைமேல் வற்றலாக உலர்த்தினாள். பெரிய அதிகாரி வீட்டுக்கு ஒரு பரங்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்த அப்பா, தானே காய்த்ததைப் போல நடந்தார்.

வைகாசியில் வானம் கறுத்தது. கப்பலும் ஓடத் தொடங்கியது. கடைசிப் பரங்கிகள் காம்பு காய்ந்து, தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும்படி முற்றிவிட்டன. அப்பா டிக்கெட் வாங்கி வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அத்தை பதினோரு பரங்கியைக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்தாள். விதைகளைச் சாம்பலில் புரட்டிப் பொட்டலம் கட்டி, பெட்டிக்குள் வைக்காமல் அம்மாவின் அடுக்களை அலமாரியில் வைத்தாள். நடுவதற்கு அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

கப்பலுக்கு முந்தின நாள் காலை. அப்பா கல்லின் மேல் நின்று குளித்துக்கொண்டிருந்தார். அத்தை காய்ந்த கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கொல்லைக்கதவைத் திறந்து வந்தாள். கையில் வாளி இல்லை, முளைவிட்ட ஒரு தேங்காய் இருந்தது. நேராக அத்தையிடம் போய் அதை நீட்டினாள்.

"மதினி, இந்தத் தென்னம்பிள்ளைய வெச்சுக் குடுங்க."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாதான் பேசினார். "இதென்ன இப்ப? தென்னை காய்க்க ஆறு வருஷம் ஆகுமே."

"ஆகட்டும்" என்றாள் அம்மா, அப்பாவின் பக்கம் திரும்பாமலே. "காய்ச்சதும் பறிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்."

அப்பா தலையில் பாதி மாவோடு அப்படியே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ "நமஸ்தே சாப்" என்றது அவர் காதில் விழவில்லை. குவளையில் இருந்த தண்ணீரைக் கொடியில் ஊற்றிவிட்டு, ஈரத் துண்டோடு உள்ளே போனார். சாமி படத்துக்குக் கீழே இருந்த டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஹட் பேயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. நடக்கும்போது காலில் இடறுவது தேங்காய். புடலை கேட்டிருக்கலாம், பாகல் கேட்டிருக்கலாம், அம்மா போயும் போயும் இதைக் கேட்கிறாளே என்று தோன்றியது. "ஏம்மா, பீச்சுக்குப் போனா சும்மா கெடக்குமே, இதப் போயி நடணுமா?" என்று கேட்டேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நான் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை முளைத்தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

அவள் என்னைவிடப் பலமாக அழுதாள். எனக்கு அடி விழுந்ததைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அருகே போய் அவள் கண்ணைத் துடைத்து, "எனக்கு வலிக்கலை அத்தை" என்றேன்.