கஸ்தூரி அக்காவின் பெல்ட் நூல்

மந்தாரக்குப்பத்து நூல்கடையில் பருத்தி நூல் ஒன்றை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அக்காவின் மகள் நித்யா போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் பால் காய்ச்சி இறக்கியவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம், அப்படியே சாய்ந்துவிட்டார்களாம். நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதே அவர்களோடு சண்டை போடத்தான். நூலை வாங்கிக்கொண்டு நேரே முத்தாண்டிக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போய், எதிரே உட்கார்ந்து, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றிருந்தேன். கடைக்காரர் "எந்தக் கலரும்மா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கஸ்தூரி அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில் அவர்கள் எனக்குப் பல வருஷம் பக்கத்து வீடு. அவர்கள் இந்தப் பக்கத்துக்காரர். நான் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பழைய நூல்சேலைகளை அடுக்கி, இடையில் பஞ்சு பரப்பி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு இருவருமாக மெத்தைப் போர்வை தைப்போம். பாதி அவர்கள், பாதி நான். எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் எங்கள் போர்வை போய்விடும். சேலை தேர்வதில், நிறம் சேர்ப்பதில் எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் நூலால் வந்ததுதான்.

அக்காவின் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனெண்ட். கழித்துப் போட்ட பெல்ட் துண்டுகள் இங்கே பல வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடக்கும். ரப்பரைப் பிளந்தால் உள்ளே நைலான் இழை இருக்கும். அக்கா அதை உருவி, பிரித்து, மெழுகு தடவி ஊசியில் கோத்துவிடுவார்கள். முதல்முறை பார்த்தபோதே சொன்னேன். "அக்கா, பழஞ்சேலைக்கு இது ஆகாது. துணியைவிட நூல் வலுவா இருக்கக் கூடாது. நூல் அறுந்தா மறுபடி தச்சுக்கலாம். துணி அறுந்தா என்ன பண்ணுவீங்க?"

"த பாரு மீனா, மலை மலையா மண்ணையும் கரியையும் இழுத்துகினு போவுது இந்த நூலு. உன் போர்வையத் தாங்காதா? பேச வந்துட்டா."

பெல்ட் ஓடினால்தான் அடுப்பெரியும் என்றிருக்கிற ஊரில், பெல்ட்டின் பலத்தைக் குறை சொல்லி யாரிடம் ஜெயிக்க முடியும்?

அப்புறம் எதிர்வீட்டு டீச்சர் ஒரு போர்வையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அக்கா தைத்த பாதியில் தையல் போன வழியெல்லாம் பிளேடு போட்டதுபோல் சேலை பிளந்து பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. என் பாதி அப்படியே இருந்தது. விரித்துப் போட்டேன். அக்கா குனிந்து, ஓர் இழையைச் சுண்டிப் பார்த்தார்கள்.

"நூலு அறுந்துச்சா?"

"நூல் அறல அக்கா, துணிதான்..."

"நூலு அறுந்துச்சா, அத மட்டும் சொல்லு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டீச்சர் சிரித்தேவிட்டார். "சேலை கட்டி நைஞ்சு போனது, அதுக்கு நூலு என்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு அக்கா காபி போடப் போய்விட்டார்கள்.

இதே மனுஷிதான், எனக்கு டைஃபாய்டு வந்து என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டில் மாட்டிக்கொண்ட நாட்களில், தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். "கஞ்சி குடிக்கிறியா, மூக்கப் புடிச்சு ஊத்தட்டா?" என்று மிரட்டியே என்னை எழுப்பி நடக்கவைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் மேல் எத்தனை நேரம் கோபமாக இருப்பது? அதுவும் ஓர் எரிச்சல்தான்.

கணவர் ரிட்டயர் ஆனதும் முத்தாண்டிக்குப்பத்தில் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். சண்டை போனில் தொடர்ந்தது. நித்யா உண்டானதும் பேரக்குழந்தைக்குத் தனியாகவே ஒரு போர்வை ஆரம்பித்தார்கள். எந்த நூல் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"பிஞ்சுக் காலு அக்கா. நைலான் மாட்டினா அறுத்துடும். பிரிச்சுடுங்க" என்று அவர்கள் போவதற்கு முந்தின நாள்கூடப் போனில் கெஞ்சினேன்.

"ஏழு புள்ள பொறந்து போத்திகினாலும் அசையக் கூடாது மீனா. நாளைக்கு வந்து பாரு, பாத்துட்டு அப்பால பேசு."

பார்க்கத்தான் கிளம்பினேன். பார்த்தது என்ன என்பதை எழுதக் கை வரவில்லை.

கருமாதி முடிந்து, நித்யா அந்தப் போர்வையைக் கொண்டுவந்தாள். எல்லாப் பக்கமும் பெல்ட் நூல். ஓரத்தில் ஒரு முழம் மட்டும் தைக்காமல் நின்றிருந்தது. தையல் என்னவோ எறும்பு வரிசை மாதிரி அத்தனை அழகு. அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

"பூராவும் பிரிச்சு நல்ல நூல்ல தச்சுத் தரேன்" என்றேன்.

"பிரிக்காதீங்க ஆன்ட்டி. அம்மா கை பட்டது."

"கிழியும்டி. குழந்தைக்கு ஆகாது."

"கீழ விரிச்சு, மேல மெத்துனு ஒரு துணி போட்டுப் படுக்க வைக்கிறேன். கிழிஞ்சா கிழியட்டும். அந்த ஓரத்த மட்டும் முடிச்சுக் குடுங்க."

குரலில் அப்படியே அக்கா. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எவ்வளவுதான் கத்துவது?

முடித்துக் கொடுத்துவிட்டேன் அக்கா. உங்கள் நூலில் இல்லை, என் பருத்தி நூலில். இதிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. துவைக்கத் துவைக்க உங்கள் தையல் ஓடிய இடமெல்லாம் பிளக்கும். என் ஒரு முழம் மட்டும் நிற்கும். அன்றைக்கு ஊருக்கே தெரியும், நான் சொன்னதுதான் சரியென்று. ஊருக்குத் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஒத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள் ஒருவர்தானே. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். ஜெயித்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.