மிஸ் என்றால் கல்யாணம் ஆகாதவள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பொம்பளை டீச்சர் என்றாலே மிஸ்தான். நேற்று கல்யாணமானவளும் மிஸ், பேரன் எடுத்தவளும் மிஸ். கணக்கு மிஸ், ஒல்லி மிஸ், கத்துற மிஸ். அந்தக் கத்துற மிஸ் நான்தான். காரைக்குடியில் காலம்காலமாக இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், யார் குடியும் முழுகிவிடவில்லை. அப்போதுதான் சென்னையிலிருந்து புது பிரின்சிபால் அம்மாள் வந்து சேர்ந்தார்.

வந்த வாரமே ஸ்டாஃப் ரூமில் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "மிஸ்னா கல்யாணம் ஆகாதவங்க. இதுகூடத் தெரியாம இங்கிலீஷ் மீடியம் நடத்துறீங்களா?" கல்யாணமானவர்கள் இனிமேல் மேம். ஆகாதவர்கள் மட்டும் மிஸ். ஒவ்வொருவராக எழுந்து, தான் எது என்று சொல்ல வேண்டும்.

என் முறை வருவதற்குள் கணக்கு டீச்சர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டார்: "விவாகரத்து ஆனவுகள என்னன்னு கூப்புடுறது மேடம்?"

"அந்த மாதிரி யாரும் நம்ம ஸ்கூல்ல இல்லையே. இருந்தா பேரன்ட்ஸ்தான் ஒத்துக்குவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு விவாகரத்தாகிப் பல வருஷம். புருஷன் மலேசியாவில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன். அந்த ஆள் கோயம்புத்தூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். ஊர் வாய்க்குப் பூட்டு மாதிரி தாலி மட்டும் என் கழுத்தில் கிடந்தது. வேலை போனால் அண்ணன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும். என் அண்ணி போடும் சோறு தொண்டையில் இறங்காது. எழுந்து, "மேம்" என்றேன்.

பிள்ளைகளுக்குப் பழகிய சொல் நாக்கைவிட்டுப் போகவில்லை. வாய் தவறி மிஸ் என்றவர்களை நிற்கவைத்து, "மேம்னு சொல்லு, இன்னொரு தரம் சொல்லு" என்று அதட்டினேன். அவ்வளவு பயம் எனக்கு.

அடுத்த ஜூனில் என் நாலாம் வகுப்பில் ஒரு புதுப் பிள்ளை சேர்ந்தாள். நல்ல சூட்டிகை, சரியான வாயாடி. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெற்றோர் கூட்டத்தன்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது அவனை. என் முன்னாள் புருஷன். கோயம்புத்தூரை விட்டு எப்போது இங்கே குடிவந்து தொலைந்தானோ, தொப்பை போட்டிருந்தான். பக்கத்தில் பிரின்சிபால் நின்றிருந்தார்.

"அப்பா, இவங்கதான் எங்க மேம்!"

அவன் என் கழுத்தைப் பார்த்தான். சிரித்தான்.

"மேமா? மிஸ்ஸுன்னு கூப்புடு பாப்பா. இவுகளுக்குப் புருஷன் கெடையாது." பிரின்சிபால் பக்கம் திரும்பி, "எனக்கு நல்லாத் தெரிஞ்சவுகதான் மேடம்" என்று வேறு சொன்னான். நாசமாய்ப் போறவன்.

பிரின்சிபால் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மறுநாள் காலை பிரேயரில் மைக்கைப் பிடித்து, நாலாம் வகுப்பு டீச்சரை இனி மிஸ் என்றே கூப்பிட வேண்டும் என்று அறிவித்தார். என் பிள்ளைகள் கைதட்டினார்கள், பாவம், அவர்களுக்கு அது சுலபமான சொல். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் தேனொழுகக் கேட்டார்: "அப்ப கழுத்துல கெடக்குறது யாரு கட்டுனது மிஸ்?"

அன்று மத்தியானம் அந்தப் பிள்ளை நோட்டைத் திருத்தி வாங்க என் மேசைக்கு வந்தாள்.

"ஏன் மிஸ் உங்களுக்குக் கல்யாணம் ஆகலை?"

வந்ததே எனக்கு ஆத்திரம். அவன் மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தாள். அப்பன் செய்த அசிங்கம் மகளுக்கும் தெரியட்டும் என்று தோன்றியது.

"எல்லாம் ஆச்சுடி. ஒங்கம்மாவுக்கு முன்னாடி ஒங்கப்பன் என்னையத்தான் கட்டுனான். என்னைய விட்டுப்புட்டுத்தான் ஒங்கம்மாகிட்ட ஓடுனான். வீட்டுல போயிக் கேளு."

அழுவாள் என்று பார்த்தேன். அழட்டும் என்றுதான் சொன்னேன். அவள் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு, வகுப்புக்குக் கேட்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நீங்க எனக்குப் பெரியம்மாவா?"

"போடி, போயி ஒன் எடத்துல உக்காரு" என்று கத்தினேன்.