தொட்டியில் வந்த சம்பந்தம்

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ட்ரெய்லர் கட்டி வைத்திருக்கிற மனுஷனிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ‘வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடு’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புண்ணியமாகப் போகும்.

போன கிழமை நுவரெலியா மார்க்கெட் பக்கம் ஓர் இளைஞர். பைக், பின்னால் ட்ரெய்லர், அது நிறைய லீக்ஸ் மரக்கறி. எதிரே பஸ் வந்துவிட்டது. பொலிஸ்காரர் விசிலை ஊதி, “பின்னுக்கு எடு!” என்றார்.

பாவம், அவரும் எடுத்தார். பைக்கை இந்தப் பக்கம் தள்ளினால் ட்ரெய்லர் அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் வந்தது. கடைசியில் முழுதாகத் திரும்பி, பைக்குக்குப் பக்கத்திலேயே வந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாதி லீக்ஸ் ரோட்டில். “ஓட்டத் தெரியாதவனெல்லாம் ஏன்யா ரோட்டுக்கு வாறீங்க?” என்று பொலிஸ்காரர் கத்த, மார்க்கெட்டே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அதே நிலையில் நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன். அவர் ட்ரெய்லரில் லீக்ஸ். என் ட்ரெய்லரில் என் எதிர்காலம் - குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

அப்போது நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, அவற்றை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிய காலம். எங்கள் துரை போகிறபோது பங்களாச் சாமான்களை விற்றார். பெரிய கிளாக்கர் சாப்பாட்டு மேசை வாங்கினார். டொக்டர் ஐயா கண்ணாடி அலுமாரி வாங்கினார். நான் என்ன வாங்கினேன் தெரியுமா? துரை குளித்த தொட்டி. தகரத்தில் செய்த, ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய நீளத் தொட்டி.

தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று ஆசை. கொண்டுவந்து பார்த்தால் என் குவாட்டர்ஸ் வாசலுக்குள் அது நுழையவில்லை. நேராக நுழையவில்லை, சாய்த்தும் நுழையவில்லை. மழையில் கிடந்த தொட்டியைப் பார்த்துவிட்டு டவுனில் வெல்டிங் வேலை செய்யும் பியதாச பாஸ் ஒரு யோசனை சொன்னார். இரண்டு பழைய ஸ்கூட்டர் சில்லுகளைக் கீழே பொருத்தி, ஒரு இரும்புக் கம்பியால் என் மோட்டார் சைக்கிளோடு இணைத்தும் விட்டார். அப்புறம் என்ன? அரிசி, விறகு, மண்ணெண்ணெய்... எல்லாம் துரை குளித்த தொட்டியில்தான் வீட்டுக்கு வந்தன.

இனி ஸ்டெல்லா.

ராகலையில் மாதா திருநாளுக்கு வருஷம் தவறாமல் போவேன். போய், மாதாவைப் பார்க்காமல் பாடகர் குழுவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மாதா மன்னிப்பாராக. அங்கே இரண்டாவது வரிசையில் பாடிய பெண்தான் ஸ்டெல்லா. ஒரு வருஷம் பார்த்தேன், மறு வருஷம் பேசினேன், அதற்கடுத்த வருஷம் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன்.

ஆள் அனுப்பிய பிறகுதான் ஸ்டெல்லாவின் அம்மா யாரென்று தெரிந்தது. ரெஜினா மாமி. தோட்டத்து ஆஸ்பத்திரி மிட்வைஃப். ராகலைச் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அதாவது, பிறந்த உடனேயே அவரிடம் அடி வாங்கி அழுதவர்கள். அந்தப் பயம் யாருக்கும் வளர்ந்த பிறகும் போகவில்லை.

மாமியிடம் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கைவசம் இருந்தது. கொழும்பில் புடவைக் கடை மனேஜர். கோட் போட்ட போட்டோவும் வந்துவிட்டது. ஆனாலும் மாமி நியாயஸ்தர். தன் தம்பி செபமாலை மூலம் சொல்லி அனுப்பினார்: “பையன நேர்ல வந்து பாக்குறேன். தோட்டத்துல அவனுக்கு என்னா மதிப்பு மரியாதைனு எனக்குத் தெரியணும். இல்லாட்டி கொழும்புக்கே குடுத்துருவேன்.”

மரியாதையா? எனக்கா? சின்னக் கிளாக்கருக்குத் தோட்டத்தில் பெரிய கிளாக்கரின் நாய்கூட எழுந்து நிற்காது! ஆனால் ஸ்டெல்லா கொழும்புக்குப் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தே பார்க்க முடியவில்லை. நாடகத்துக்குச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மரியாதைக்கு முதல் படியாக, மாமியைச் சந்தியிலிருந்து கூட்டிவர, பெரிய கிளாக்கரின் காரை இரவல் கேட்டேன். தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் மூச்சுக்கூட விடவில்லை. தள்ளினோம்... அது தள்ளின இடத்திலேயே நின்றது. சந்தியிலிருந்து தோட்டத்துக்கு நாலு மைல் ஏற்றம். மாமிக்கோ முழங்கால் வருத்தம் என்று கேள்வி.

வேறு வழி? தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தலையணை வைத்தேன். பூப்போட்ட பெட்ஷீட் விரித்தேன். சந்திக்குப் போனேன்.

பஸ்ஸிலிருந்து மாமி இறங்கினார். ஆகிருதி என்றால் ஆகிருதி! பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு செபமாலை மாமா, ஒல்லியாக, தொப்பியோடு. மாமி ட்ரெய்லரைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இது என்னா தம்பி?”

“ட்ரெய்லருங்க மாமி.”

“குளிக்கிற தொட்டி மாதிரில்ல இருக்கு?”

“ஆமாங்க மாமி. தொர குளிச்சதுங்க.”

“அப்ப என்னையக் குளிக்கவா கூப்பிட்ட?”

நான் நெளிந்தேன். பைக்கின் பின்சீட்டைக் காட்டினேன். “இந்த வயசுல ஒன் முதுகப் புடிச்சுக்கிட்டு வரச் சொல்றியா?” என்று ஒரு முறை முறைத்துவிட்டு, மாமி தொட்டியைத் தேர்ந்தெடுத்தார். டீக்கடைக்காரர் பெட்டியொன்று கொண்டுவந்து வைத்தார். ஒரு கையை மாமாவும் ஒரு கையை நானும் பிடித்து, “ஐயோ மாதாவே, மெதுவா, மெதுவா” என்று ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த பஸ்ஸே வந்துவிட்டது. மாமா பின்சீட்டில் ஏறிக்கொண்டார். புறப்பட்டோம்.

தூறல் வேறு. மாமி கறுப்புக் குடையை விரித்தார். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் - அது பறிப்பு மும்முரமான மாதம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை - நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஏய், இங்க பாருங்கடி! கிளாக்கரய்யா சுரூபம் கொண்டு போறாரு!”

“மால போட்டுப் பூசை வைங்க அய்யா!”

மாமி காதில் விழுந்திருக்கும். ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இது மரியாதையில் சேருமா சேராதா என்று எனக்குக் கணக்குப் பார்க்க நேரமில்லை. காரணம், அடுத்த பள்ளத்தில் சில்லு இறங்கியதும், “அடப்பாவி!” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். குளியல் தொட்டி என்றால் அடியில் தண்ணீர் போக ஓட்டை இருக்குமல்லவா? அதை நான் மறந்தே போனேன். சேற்றுத் தண்ணீர் அதன் வழியாகப் பீச்சி அடித்து, மாமியின் வெள்ளைச் சேலை...

“செபமால, தொப்பியக் கழட்டு.”

மாமா மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். மாமி அதைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தார். “ம், போ தம்பி” என்றார்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கீழே ஒரு வளைவு. ஒரு பக்கம் செங்குத்தான மண்மேடு, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வளைவில் திரும்பினேன். எதிரே ஜீப். புதிய துரையின் ஜீப்!

துரை வண்டி வந்தால் என்ன நடக்கும் என்று மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடக்கிறவர் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்பார். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுவார். மழையென்றாலும் குடை மடங்கும். லொறியே வந்தாலும் லொறிதான் பின்னுக்குப் போகும். இந்தச் சட்டத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. வெள்ளைக்காரர் போனபோது பங்களாச் சாமான்களையெல்லாம் விற்றார்கள், இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். புதிய துரை இளவயதுச் சிங்களவர். கெட்டவர் அல்லர். ஆனால் வந்த வண்டியெல்லாம் பின்னுக்குப் போனால் யாருக்குத்தான் கசக்கும்?

ஹோர்ன் அடித்தது. நான் இறங்கி, மாமாவையும் இறக்கிவிட்டு, பைக்கைப் பின்னுக்குத் தள்ளினேன். தொட்டி மண்மேட்டில் போய் இடித்தது. முன்னுக்கு இழுத்து, ஹேண்டிலை மறுபக்கம் ஒடித்துத் தள்ளினேன். தொட்டி பள்ளத்தின் பக்கம் சாய்ந்து ஓடியது.

“டேய் தம்பி! என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா, பரலோகத்துக்கா?”

துரை ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டினார். “பஸ்ஸட்ட! பஸ்ஸட்ட!” சிங்களத்தில் ‘பின்னுக்கு, பின்னுக்கு’ என்று அர்த்தம். பயத்தில் செபமாலை மாமாவுக்குச் சிங்களமெல்லாம் மறந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குங்க தொர. நாலு மணிக்குத்தான்.”

துரை இறங்கினார். சப்பாத்துச் சேற்றில் புதைய நடந்து வந்து, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் தனக்குத் தெரிந்த தமிழில், “கிளாக்கர், அந்த அம்மாவை எறங்கச் சொல்லு. நம்ம தொட்டி தூக்கித் திருப்பலாம்” என்றார்.

நியாயமான பேச்சு. ஆள் இறங்கினால் நாங்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னவரோ துரை. என் சம்பளமும் என் குவாட்டர்ஸும் அவர் வாயில் இருந்தன.

திரும்பி மாமியைப் பார்த்தேன். தொட்டிக்குள் சேற்றுச் சேலையோடு, மடக்காத குடையின் கீழ் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பு மனேஜரின் கோட் எனக்குக் கண்முன் வந்தது. துரையைப் பார்த்தேன். அவரும் காத்திருந்தார். மலையில் கொழுந்து பறிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

“அவங்கள எறங்கச் சொல்ல ஏலாதுங்க சேர்” என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால், நான்தான்.

“ஏன் ஏலாது?”

“முழங்கால் வருத்தங்க சேர்... சேறு வேறங்க சேர்...”

துரை என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தார். போய் ஜீப்பில் ஏறி, “ரிவர்ஸ்” என்றார்.

“சேர்?” என்றார் ட்ரைவர். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை!

பழக்கமும் இல்லை. ஜீப் மேட்டில் உரசி, கானில் இறங்கி, தேயிலைக்குள் பின்பக்கத்தைக் கொடுத்து... ஒருவழியாக மடுவத்து முன்னால் போய் ஒதுங்கியது. அதுவரைக்கும் நாங்கள் அதன் மூக்கைப் பார்த்தபடியே ஊர்ந்து போனோம். கடந்து போகும்போது மாமி லேசாகத் தலையை அசைத்து, “தேங்க் யூ, தொர” என்றார். துரை தன்னை அறியாமல் தொப்பியைத் தூக்கினார். மலையில் எழுந்த சிரிப்பும் விசிலும் டவுனுக்கே கேட்டிருக்கும்.

வீட்டில் மாமி தேத்தண்ணீர் குடித்தார். குசினியை எட்டிப் பார்த்தார். “பாக்கலாம்” என்ற ஒரே சொல்லோடு நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் துரை கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று முடிவுகட்டிக்கொண்டு உள்ளே போனேன். துரை குரலைத் தாழ்த்தி, “அந்தத் தொட்டி எங்க பங்களாத் தொட்டிதானே?” என்றார். பாவம், வந்த நாளிலிருந்து அந்தக் குளிரில் வாளியில் மொண்டு குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்! அன்று மாலையே சில்லுகளைக் கழற்றித் தொட்டியைப் பங்களாவில் ஒப்படைத்தேன். வேலை தப்பியது.

ஒரு கிழமை கழித்து ராகலையிலிருந்து செய்தி வந்தது. சம்மதம்!

தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. ‘தொரையே பின்னுக்குப் போய் வழிவிட்ட மாப்புள்ள! அந்த மரியாதையக் கண்டுதான் பொண்ணு குடுத்தாங்க.’ வேறென்ன காரணம் இருக்க முடியும்? நானும் நம்பினேன். கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கூட நடந்தேன்.

கல்யாணம் முடிந்து முதல் கிறிஸ்மஸ். மாமி வந்திருந்தார். கேக் உள்ளே போன தெம்பில் கேட்டேன்.

“அன்னைக்குத் தொரையே எனக்கு வழிவிட்டதப் பாத்துத்தானே மாமி சம்மதிச்சீங்க?”

“தொர பின்னுக்குப் போனா அது தொரையோட நல்ல கொணம். அதுக்கு ஒனக்கு எதுக்குப் பொண்ணு குடுக்கணும்?”

“அப்ப... எதப் பாத்துக் குடுத்தீங்க?”

“ஒரு பக்கம் தொர நின்னாரு. ஒரு பக்கம் நான் இருந்தேன். வேல போனாலும் போகட்டும்னு என்னைய எறங்கச் சொல்லாம நின்ன பாரு... ஒனக்குத் தொட நடுங்குச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தொரையவிட மாமியாருக்குப் பயப்புடுற பய! லேசுல கெடைப்பானா? அதான் கொழும்புக்காரன வேணாம்னுட்டேன்.”

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

மாமி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். இந்தப் பத்திரிகைப் பத்தியை அச்சுக்கு அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பந்திகளை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.