தண்ணியில விட்டு எடு

எங்கள் கடையில் காய்கறியை நிறுத்து விலைச்சீட்டு ஒட்டுகிறவள் யூமெய். பதினோரு வருடமாக அதே தராசு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவளுக்கு. மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். பக்கத்தில் மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அதில் தீராத எரிச்சல்.

அன்று முட்டை மலிவு விலை. வரிசையில் கிழவிகள் முண்டியடித்தார்கள். நடுவில் முதுகுப்பையோடு ஒரு வெளிநாட்டுப் பெண். தெரியாத காயையெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, வாடாத மஞ்சள்பூ மொட்டு ஒரு பை கொண்டுவந்தாள். எப்படிச் சாப்பிடுவது என்று அவள் கேட்டதை அவளுடைய போன் சீனத்தில் சொன்னது.

"தண்ணியில விட்டு எடு," என்றாள் யூமெய்.

எங்கள் ஹெங்யாங்கில் எல்லோருக்கும் தெரியும், அது கொதிக்கிற தண்ணீர். பச்சையாகத் தின்றால் குடலைப் புரட்டிவிடும் பூ அது. அந்தப் பெண் போனைப் பார்த்தாள். குழாயில் அலசுவதுபோல் கையை ஆட்டிக் காட்டி, சிரித்துவிட்டுப் போனாள்.

யூமெய் அடுத்த பையைத் தராசில் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"அடியே, அவ சும்மா அலசித் தின்னப்போறா!" என்று கத்தினேன் நான்.

தராசை விட்டு நகர்ந்தால் சீட்டு கிழியும் என்று மேலாளர் பெங் போன வாரம்தான் மிரட்டியிருந்தார். ஆனாலும் யூமெய் ஓடிவிட்டாள்.

"எங்கடி ஓடுற? என் கத்தரிக்காய உன் மாமியாரா நிறுப்பா?" என்று ஒரு கிழவி கத்தினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

எதிரே பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண் பைக்குள் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாய் மென்றுகொண்டிருந்தது. யூமெய் அவள் கையில் ஓங்கி அடித்தாள். பூக்கள் சிதறின. பெண் அலறினாள்.

"திருடிய புடிச்சிட்டாங்கப்பா," என்றான் ஒருவன். கூட்டம் கூடிவிட்டது.

"துப்பு! கொதிக்கிற தண்ணி! நான் சொன்னது கொதிக்கிற தண்ணி! விஷம்டி அது! எத்தன தின்ன? உங்கம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

போன் திணறியது. "மீண்டும் பேசவும்," என்றது. யூமெய் மூச்சை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. துப்பினாள். மூன்று விரலைக் காட்டினாள்.

யூமெய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, வயிறு புரளவில்லை. வந்து நின்ற பெங், "நாளைக்கு வரவேணாம்," என்றார்.

"சரி."

"அவ கேக்காமத் தின்னதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றேன் நான்.

"அவ கேட்டாளே," என்றாள் யூமெய். "நான்தான் ஒழுங்காச் சொல்லல."