புகைபோக்கிச் செருப்பு

சைலஸ் பெட்டிட்டை அடக்கம் செய்த ஈரம் காய்வதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டைக் காத்த செருப்பை ஹெஸ்டர் எரித்தாள், புருஷனைப் பறிகொடுத்தாள்.

ஹெஸ்டர் மறுக்கவில்லை. வசந்தத்தில் அடுப்படியைச் சுத்தம் செய்தபோது, புகைபோக்கிக்குள் ஒரு மாடத்தில் குழந்தையின் பழைய தோல் செருப்பு கையில் தட்டுப்பட்டது. இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் அது வழக்கம்தான். கதவைப் பூட்டலாம், புகை போகும் வழியைப் பூட்ட முடியுமா? அந்த வழியில் பேய் இறங்காமலிருக்க, கட்டியவர்கள் செருப்பை ஒளித்து வைத்தார்கள். அவள் அதைக் குப்பையென்று நெருப்பில் போட்டாள். சைலஸ் சிரித்தான்.

இலையுதிர்காலத்தில் அவன் காய்ச்சலாய் மாடி அறையில் படுத்திருந்தான். அவள் பால்கொட்டகையில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். வீடு தீப்பிடித்துக் கிளம்பிய புகையைக் கண்டு ஓடி வந்தபோது அவன் மூச்சு அடங்கியிருந்தது. 'இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே' என்பதும் செருப்பும் அவள் நெஞ்சில் ஒன்றாய்க் கலந்து முறுகின.

அவர்கள் குத்தகைக்கு இருந்த பண்ணை ஒரு பிரபுவுடையது; அவருடைய மேனேஜர் கிரெஸ்வெல் வந்தார். இன்ஷூரன்ஸ்காரர் வருவார், அடுப்பை அளவுக்கு மீறி எரித்தேன் என்று அவரிடம் சொன்னால் போதும். பிரபு இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு குடிசை தருவார் என்றார். சொல்லாவிட்டால்? பண்ணையும் இல்லை, குடிசையும் இல்லை. ஹெஸ்டர் தலையாட்டினாள். குற்றவாளிக்குக் குடிசையே அதிகம் என்று நினைத்தாள்.

சைலஸின் தங்கை எடித்துக்குப் பொறுக்கவில்லை. அண்ணியை இழுத்துக்கொண்டு போய்க் கரிந்த மாடியில் நிறுத்தினாள். வீடு முழுக்க ஓக் சட்டம். இடையில் குச்சிப் பின்னலும் களிமண் பூச்சும். புகைபோக்கி பிற்காலத்தில் சேர்த்தது. அதைக் கட்டியவர்கள் பெரிய உத்தரத்தை வெட்டாமல், அதன் முனையைச் சுற்றியே செங்கல்லை அடுக்கியிருந்தார்கள். எடித் கம்பியால் குத்தினாள். முனை கரியாய்ப் பொலபொலவென்று உதிர்ந்தது. பூச்சு விழுந்த இடுக்கில் அது மாதக்கணக்காய் உள்ளுக்குள்ளேயே கனன்றிருந்தது.

“பாருங்க அண்ணி. இதுக்கா செருப்பு காவல்? பூச்சு உதிருதுன்னு அண்ணன் எத்தனை தடவை அந்த மேனேஜர்கிட்ட நடந்தான்! ‘அறுவடை முடியட்டும்’னாரே, எந்த வருஷத்து அறுவடைன்னு சொன்னாரா?”

பேயிடம் காட்டிய அக்கறையில் கால்வாசியைச் செங்கல்லிடம் காட்டியிருந்தால் சைலஸ் இன்று ஏர் ஓட்டிக்கொண்டிருப்பான். குத்தகைக்காரன் வீட்டுக்குப் பூச்சு பூச மட்டும் எந்தப் பிரபுவுக்கும் கை வந்ததில்லை.

இன்ஷூரன்ஸ்காரருடன் கிரெஸ்வெல் வந்தபோது ஹெஸ்டர் கரிந்த உத்தரத்தின் கீழே நின்றாள்.

“அடுப்பு வழக்கம்போலத்தான் எரிஞ்சுது ஐயா. இந்த முனையைப் பாருங்க. பழுது பார்க்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தார்.”

கிரெஸ்வெல்லின் முகம் சுண்டியது. “உங்க மேல தப்பே இல்லைங்கிறீங்களா, மிஸஸ் பெட்டிட்?”

அவள் உத்தரத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“இருக்குங்க. சீக்கிரம் வரலை. அது என் பாடு, நான் சுமந்துக்கிறேன். உங்க பாட்டை என் தலையில வைக்காதீங்க.”

அந்த வாரமே காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. ஹெஸ்டர் மூட்டையைக் கட்டிக்கொண்டு எடித் வீட்டுக்கு நடந்தாள். எடித் அவளைத் தேற்றவில்லை; மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.