அண்ணன் ஆறவைத்த இரும்பு

ஆயுதபூஜை, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். அண்ணனின் நினைவு மலருக்கு எழுது என்று அண்ணி சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நேரம்தான். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பூஜையை முடிக்க வேண்டும். மழைக்கு முன் தீரவேண்டிய வேலை என்பதால், பூஜையன்றும் விடியற்காலையிலிருந்து ஏரிக்கரையில் மண் தள்ளிக்கொண்டிருந்த டிராக்டரை அண்ணன் நேராக வாசலுக்கு ஓட்டி வந்தார். பூஜைக்குப் பழைய தண்ணீர் ஆகாது என்பது அவர் வழக்கம். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ரேடியேட்டரைத் திறந்து வடித்துவிட்டு, கிணற்றிலிருந்து இறைத்த புதுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார். உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். மாலை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியைக் கிளப்பியபோது வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது.

"ஹெட்டு புட்டுக்கிச்சு," என்றார் அண்ணன். கற்பூரம் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் பிறந்தது இதே பருத்திப்பட்டில். அப்பா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவர் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஆவடியில் ஒரு பட்டறையில் இரும்பு தூக்கி, அதே இடத்தில் மெக்கானிக்காக உயர்ந்து, தங்கையான என்னைப் பள்ளி இறுதி வரை படிக்கவைத்தார். யுத்த காலத்துச் சங்கிலி டிராக்டர் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது துணிந்து எடுத்தார். சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டையில் ஊரும் டீசல் வண்டி அது. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது; உதிரிபாகம் எங்கும் கிடைக்காது. அம்பத்தூரில் இன்று தொழிற்சாலைகள் நிற்கும் பல மேடு பள்ளங்களை அந்த வண்டிதான் சமன் செய்தது. அண்ணன் குடித்ததில்லை, பொய் சொன்னதில்லை. அவசரக்காரர். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பார்.

ஹெட் வெடித்த அந்த ஆண்டு என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள். எங்கள் தெரு ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. முந்தைய ஆண்டு மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்று, மெயின் ரோட்டுக்குப் போக வழியில்லாமல் அடைந்து கிடந்தோம். ஆஸ்பத்திரியோ ரோட்டுக்கு அப்பால். உபரி நீரைத் திருப்பிவிட ஒரு கால்வாய் வெட்டப் பஞ்சாயத்தில் பேசி, அந்த வேலையை அண்ணனே ஏற்றிருந்தார். ஹெட் வெடித்தபோது பாதிதான் வெட்டியிருந்தது. அந்தப் பாதிக் கால்வாய் எங்கள் தெரு முனையில் வந்து நின்றுவிட்டது. மழை பிடித்தால் ஏரித் தண்ணீர் முழுவதும் எங்கள் வீட்டுக்குள்தான் இறங்கும். மகளின் வயிற்றைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன்.

அம்பத்தூரிலிருந்து அண்ணனின் பட்டறைக் காலத்து நண்பர், வெல்டர் கன்னியப்பன் வந்தார். இன்ஜின்மேல் மூடிபோல் உட்காரும் அந்தக் கனத்த வார்ப்பிரும்பு ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூசினார்கள். வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, இரண்டு வால்வுகளுக்கு நடுவே வெள்ளையில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

"இன்னா மாமே, வேர்த்து வந்தவன் தலையில பச்சத் தண்ணிய ஊத்திகிறியே!" என்றார் கன்னியப்பன்.

"கிண்டல அப்பால வெச்சிக்க. ஒட்டுமா, ஒட்டாதா?"

"ஒட்டும். ஆனா இது வார்ப்பிரும்பு. சூடு மெதுவா ஏத்தணும், அதவிட மெதுவா எறக்கணும். சட்டுனு ஆறிச்சினா பக்கத்துல இன்னொரு கோடு வுடும். உனக்கு அந்தப் பொறுமை கீதா?"

குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு செங்கல் சூளைக்காரர் இடம் கொடுத்தார். மாட்டு வண்டியில் ஹெட்டை ஏற்றிப் போய், சுற்றிலும் செங்கல் அடுக்கி, அடுப்புக்கரியில் அது சிவக்கும்வரை சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே கன்னியப்பன் கேஸ் வைத்து ஒட்டினார். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பிறகு சூளைச் சாம்பலில் அதை ஆழப் புதைத்தார்கள். தானாக ஆறும்வரை தொடக்கூடாது.

மறுநாளே கிழக்கே கறுத்துவிட்டது. நான் சூளைக்கு ஓடினேன். தூறலில் சாம்பல் நனையாதபடி அண்ணன் தகரங்களைச் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ண்ணா, எடுத்துடுண்ணா. மழ வந்துடுச்சி. புள்ளத்தாச்சிய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

"கைய வெச்சிப் பாரு. இன்னும் சுடுது."

"லேசாதான சுடுது!"

"அவசரத்துல ஒடச்சது நான்தான், தங்கச்சி. இன்னொரு வாட்டி ஒடஞ்சா அப்பறம் ஹெட்டும் இல்ல, கால்வாயும் இல்ல. நீ ஊட்டுக்குப் போ. நான் இங்கியேதான் கீறேன்."

அழுதுகொண்டே திரும்பினேன். ஆனால் அவர் எதற்காகவும் காத்திருந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. சாம்பல் மேட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தே சாப்பிட்டாராம். "உங்க அண்ணன் சாமியாராப் பூட்டாரும்மா" என்று கன்னியப்பன் சிரித்தார்.

மழை இரண்டொரு நாள் பயங்காட்டிவிட்டு விலகியது. ஆறிய ஹெட்டின் அடிப்பரப்பை அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் சமமாகச் சீவினார்கள். ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் இடையில் வைக்கச் செப்புத் தகட்டில் புது கேஸ்கட் வெட்டி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு முறைவைத்து இறுக்கினார்கள். இந்த முறை அண்ணன் தண்ணீரைச் சொம்பால் ஊற்றினார். வண்டி உறுமியது. வெள்ளைப் புகை இல்லை. தீபாவளிக்கு முன் கால்வாய் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் வண்டி முந்தின நாள் மாலையே வாசலுக்கு வந்து ஆறி நிற்கும்.

சென்ற பங்குனியில், காலையில் காபி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த அண்ணன் பிறகு எழவில்லை. ஓராண்டாகியும், தெருவில் எந்த வண்டி உறுமினாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

அண்ணியை விட்டு நீங்காமல் இருந்த கரையான்சாவடி உறவினர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த பருத்திப்பட்டு இளைஞர்களுக்கும், இடம் கொடுத்த சூளைக்காரருக்கும், அந்த டிராக்டரை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கும் கன்னியப்பனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

கால்வாய் முடிந்த அந்த ஆண்டு, ஐப்பசி அடைமழையில் ஒரு மதியம் மகளுக்கு வலி கண்டது. வண்டி பார்க்க ஓடிய அண்ணன் நெடுநேரம் வரவில்லை. எங்கள் தெருப் பெயரைக் கேட்டதுமே ரிக்‌ஷாக்காரர்கள் மறுத்தார்களாம். நான் வாசலில் நின்று தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்வாயில் தண்ணீர் கரைதொட்டு ஓடியது, தெருவுக்குள் திரும்பவில்லை. கடைசியில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றது. பின்னாலேயே தொப்பலாக நனைந்தபடி அண்ணன். ரிக்‌ஷாக்காரர் இறங்கி, குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னா நைனா, இடுப்பளவு தண்ணி நிக்கிற தெருனு அத்தினி பேரும் பயமுறுத்துனானுங்க. எனக்குக் கணுக்கால்கூட முழுவல. பொண்ண ஏத்து, போலாம்."